குளிர்க்குல்லாயும் முகக்கவசமும்

மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியோடு நிறைவெய்துவது சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். அந்நாள்களில் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் மலைக்குப் புறப்படுவோர், தலைநகரில் ஆண்டு முழுவதும் எவ்விதப் பயனும் இல்லாத ஒரு பொருளைத் தேடி எடுத்துப் பையில் வைத்துக்கொள்வர். தலையையும் செவிகளையும் மூடிக் கழுத்துவரை இறங்கும் கம்பளிக் குல்லாயே அப்பொருள். 2,243 மீற்றர் உயரமான அச்சிகரத்தில், இரவெல்லாம் படியேறி வியர்த்த உடல் விடியலுக்காகக் காத்திருக்கும் வேளையில், குளிர்காற்று முகத்தில் அறையும். அப்பொழுதுதான் குல்லாயின் குணமும் குற்றமும் புலப்படும். இறுக்கமானது செவியை நசுக்கும். தளர்ந்தது கண்மீது சரிந்து படியை மறைக்கும். முரட்டுக் கம்பளியாயின் கன்னம் அரிக்கும். வாயை அடைத்துத் தைத்ததாயின் மூச்சின் ஈரம் துணியில் தங்கிக் குளிரை மிகுவிக்கும்.

முகத்தை மூடும் துணி ஒன்றைப் பொருத்தமாகத் தேர்வது ஒரு வரலாற்றுப் பொருளாகுமா என்று ஐயுறத் தோன்றும். ஆராய்ந்து பார்ப்பின், போர்க்களமும் மருத்துவமனையும் வழிபாட்டிடமும் நீதிமன்றமும் அத்துணியோடு தொடர்புற்றிருக்கக் காணலாம். கொழும்பு மாநகரத்திலோ, ஒன்றரை ஆண்டுக்கும் குறைந்த இடைவெளியில், முகத்தை மறைப்பது குற்றம் என்று ஒரு சட்டவிதியும், மறைக்காதிருப்பது குற்றம் என்று மற்றொரு சட்டவிதியும் பிறந்தன.

பனிமலைகளில் சறுக்கி விளையாடுவோர் அணிகின்ற, கண்களும் வாயும் மட்டும் தெரியும் பின்னல் குல்லாய்க்கு மேலைநாட்டார் இட்ட பெயர் 'பலக்கிளாவா' என்பதாகும். இது கருங்கடலை அடுத்த கிரிமியத் தீபகற்பத்தில் உள்ள ஒரு சிறு துறைமுகத்தின் பெயர். 1854 ஆம் ஆண்டு ஒக்டோபர் 25 ஆம் திகதி அத்துறைமுகத்தின் அருகே உருசியப் படையோடு பிரித்தானியரும் அவர்தம் நேச நாட்டினரும் பொருதனர். அதனை அடுத்து வந்த மாரிக்காலத்தில் பிரித்தானியச் சிப்பாய்களுக்குத் தக்க உடையும் உறைவிடமும் உரிய வேளையில் வந்து சேரவில்லை. பகைவர் குண்டுக்கு இரையானோரினும் நோய்க்கு இரையானோரே அப்போரில் மிகுதி. செய்தி தாயகத்தை எட்டியபோது, பெண்கள் கம்பளியால் குல்லாய்களும் கையுறைகளும் பின்னிப் போர்முனைக்கு அனுப்பினர். எனினும் பலக்கிளாவா என்னும் பெயர், போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னரே அக்குல்லாய்க்கு வழங்கலாயிற்று. பிற்காலத்தில் அதே குல்லாய் இந்தியாவுக்கும் வந்து, 'மங்கி கேப்' என்னும் வேடிக்கைப் பெயர் பூண்டது.

இக்குல்லாயின் சிறப்பு பின்னலில் உள்ளது. மேடும் பள்ளமுமாக வரிவரியாய்ப் பின்னப்பட்ட கம்பளி, இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். ஆதலால் தலையின் அளவு சிறிது வேறுபடினும் குல்லாய் தோலோடு ஒட்டி நிற்கும். குளிரைத் தடுப்பது கம்பளியிழை மாத்திரமன்று. இழைகளின் இடையே சிறைப்பட்ட காற்றே வெப்பத்தைக் காக்கின்றது. மிக இறுக்கமான குல்லாயில் அக்காற்றுக்கு இடமில்லை. மிகத் தளர்ந்ததில் அக்காற்று தங்குவதில்லை. இறுக்கத்துக்கும் தளர்ச்சிக்கும் இடைப்பட்ட ஒரு நிலையையே பொருத்தம் என்கிறோம். அடுத்து நோக்கத்தக்கது மூச்சு. வெளிவிடும் மூச்சில் ஈரம் உண்டு. உறைபனி நாட்டில் அவ்வீரம் துணியிலேயே பனிக்கட்டியாகிவிடும். ஆதலால் நல்ல குல்லாயில் மூக்குக்கும் வாய்க்கும் நேரே திறப்போ, மெல்லிய துணியோ வைக்கப்பெறும். மூக்கின்மீது தையல் மடிப்பு வந்து அழுத்தாதிருப்பதும், கழுத்துப்பகுதி சட்டைக் கழுத்துக்குள் செருகும் அளவுக்கு நீண்டிருப்பதும், கண்ணுக்கான திறப்பு தலையைத் திருப்பும்போது விலகாதிருப்பதும் ஏனைய இலக்கணங்கள்.

இலங்கைத் தீவும் முகத்தையும் தலையையும் காக்கும் கலையில் பின்தங்கியதன்று. மலைநாட்டுத் தோட்டங்களில் மழையிலும் பனியிலும் உழைத்த தமிழ்த் தொழிலாளர், கம்பளியைக் கொங்காணியாக மடித்துத் தலைமேல் இட்டுக்கொண்டனர். வெள்ளவத்தையின் ஊடே செல்லும் காலி வீதியிலேயே தெற்கு நோக்கிப் பயணஞ் செய்தால், முகமூடிகளுக்குப் பேர்பெற்ற அம்பலாங்கொடையை அடையலாம். நோயைத் தருவனவாகக் கருதப்பட்ட பதினெட்டுச் சன்னி யக்குகளின் முகமூடிகள் சிங்களரின் தொவில் சடங்கிலே அணியப்படும். ஆடுவோன் முகத்தில் நெடுநேரம் தாங்கவேண்டும் என்பதால், கனமற்ற கதுரு மரத்தையே சிற்பிகள் தேர்ந்தெடுத்தனர். முகமூடியின் அழகினும் அதைச் சுமக்கும் முகத்தின் வசதி முந்தியது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

துணியால் வாயை மூடும் வழக்கமோ கோவில்களில் உள்ளது. கதிர்காமத்திலும் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் பூசை செய்வோர் வெண்டுணியால் வாய்கட்டிப் பூசை நிகழ்த்துவர். மனித மூச்சு தெய்வத்துக்குரிய பொருள்மீது படலாகாது என்பது அவ்வழக்கத்தின் கருத்து. சமண முனிவர் சிலர், காற்றில் உள்ள சிற்றுயிர்க்குத் தீங்கு நேராதிருக்க வாயைத் துணியால் மறைப்பர். மூச்சினால் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குக் கேடு பரவக்கூடும் என்று மருத்துவ நூல் கூறுமுன்னரே, மூச்சை அடக்கமாக வைத்துக்கொள்ளும் ஒழுக்கம் இந்நாடுகளில் இருந்தது என்பது கருதத்தக்கது.

கொழும்பின் சமய வாழ்வில் நோய் பதித்த தடம் ஒன்றும் உண்டு. செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் வேற்பெருமான் எழுந்தருளும் ஆடிவேல் விழா, வாந்திபேதி பரவுதலுக்கு அஞ்சிக் கதிர்காம யாத்திரையை அரசு கட்டுப்படுத்தியதனை ஒட்டி, 1874 ஆம் ஆண்டளவில் தோன்றியது என்பர். கதிர்காமத்துக்குப் போக இயலாத மக்கள் நகரத்தையே யாத்திரைத் தலமாக்கிக்கொண்டனர். நாற்பது ஆண்டுகளின் பின், 1914 இல், கொள்ளைநோயாகிய பிளேக் கொழும்புத் துறைமுகத்தின் வழியே நகருக்குள் புகுந்தது. எலிகளும் அவற்றின் தெள்ளுப்பூச்சிகளும் பரப்பிய அந்நோய், துறைமுகத்தை ஒட்டிய நெருக்கமான குடியிருப்புகளையும் தானியக் களஞ்சியங்களையும் கலக்கியது.

அதற்குச் சற்று முன்னரே, வடசீனத்தில், முகக்கவசத்தின் வரலாறு புதுத் திருப்பம் பெற்றிருந்தது. 1910 ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரலைத் தாக்கும் பிளேக் பரவி, ஏறத்தாழ அறுபதினாயிரம் உயிர்களைக் கொண்டது. அதனைத் தடுக்க அனுப்பப்பட்டவர் மருத்துவர் வூ லியன்-டே. யாழ்ப்பாணத்தாருக்கு மலாய நாட்டுத் தொடர்பால் நன்கு தெரிந்த பினாங்கு நகரிலே 1879 இல் பிறந்து, கேம்பிரிட்ஜில் கற்றவர் அவர். இந்நோய் எலியால் மாத்திரமன்றி மனித மூச்சாலும் தொற்றுகின்றது என்று அவர் கண்டார். மெல்லிய துணியின் மடிப்புகளுக்கிடையே பஞ்சு வைத்து, துணியின் முனைகளை வார்களாகக் கிழித்து, முகத்தைச் சுற்றிப் பின்தலையில் இறுகக் கட்டும்படி ஒரு கவசத்தை அமைத்தார். அதனைச் செய்யத் தையலூசிகூட வேண்டியதில்லை, மலிவானது, எந்த முகத்துக்கும் ஏற்றவாறு கட்டத்தக்கது. அவர் கருத்தை ஏற்க மறுத்த பிரெஞ்சு மருத்துவர் மெனி, கவசமின்றி நோயாளரைப் பார்வையிட்டு, 1911 சனவரியில் அதே நோயால் மாண்டார். அதன்பின் கவசத்தை ஏளனஞ் செய்தோர் வாய் அடங்கிற்று.

1918 இல் உலகெங்கும் பரவிய இன்புளுவென்சா இலங்கையையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் முகக்கவசம் கட்டாயமாக்கப்பட்டபோது, 1919 இல் அதற்கு எதிராக ஒரு சங்கமே எழுந்தது. அக்காலக் கவசங்கள் நெருக்கமற்ற நெய்தலால் ஆனவை. அவற்றின் ஓரங்களோ முகத்தோடு ஒட்டாதவை. இக்குறைகளுள் இரண்டாவதை நீக்கியோருள் குறிப்பிடத்தக்கவர் சேரா லிட்டில் டர்ன்புல் என்னும் வடிவமைப்பாளர். அவர் அமெரிக்காவின் திரீ எம் நிறுவனத்துக்காக, பெண்டிர் உள்ளாடைக்கென வார்க்கப்பட்ட கிண்ண வடிவத்தை முகத்துக்கு மாற்றிப் பார்த்தார். 1961 இல் அவ்வடிவில் ஒரு கவசம் வெளிவந்தது. 1972 இல் தொழிற்சாலைத் தூசியைத் தடுக்கும் சுவாசக்கவசம் அந்நாட்டு அரசின் ஒப்புதலைப் பெற்றது. என் 95 என்று பின்னர் பெயர்பெற்ற வகை, நுண்துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தையேனும் தடுக்கவல்லது. ஆயினும் மூக்கின் இருபுறமும் சிறு இடைவெளி இருக்குமாயின், காற்று வடிகட்டியைச் சாராது அவ்விடைவெளியின் வழியே புகுந்துவிடும். துணியின் தரம் பாதி, பொருத்தம் பாதி என்பது இதனால் விளங்கும்.

இவ்வாறு குளிரையும் நோயையும் தடுக்கப் பிறந்த மறைப்பு, வேறொரு தொழிலுக்கும் பயன்பட்டது. முகத்தை மறைத்தவன் பெயரையும் மறைத்தவனாகின்றான். கொள்ளையரும் கிளர்ச்சியாளரும் படையினரும் பின்னல் முகமூடியைப் பூண்டனர். 1994 சனவரியில் மெக்சிக்கோவின் சியாப்பஸ் மாநிலத்தில் எழுந்த சப்பாத்திஸ்டா இயக்கத்தார்க்கு அதுவே சின்னமாயிற்று.

இலங்கையிலோ அதன் நினைவு கசப்பானது. யுத்த காலத்தில் சுற்றிவளைப்புகள் நிகழும்போது, சாக்கினாலோ துணியினாலோ தலைமுழுவதும் மூடி, கண்ணுக்கு மாத்திரம் துளைகள் விட்ட ஒருவர் முன்னே மக்கள் வரிசையாக நடத்தப்படுவர். அம்மறைந்த தலை அசைந்தால், எதிரே நிற்பவரின் வாழ்வே மாறிவிடும். தமிழர் அவ்வுருவத்துக்குத் 'தலையாட்டி' என்று பெயரிட்டனர். 1987 முதல் 1989 வரை தென்னிலங்கையில் நிகழ்ந்த கிளர்ச்சியின்போது, சிங்களக் கிராமங்களிலும் அதே உருவம் 'கோணி பில்லா' என்னும் பெயரால் அஞ்சப்பட்டது. மொழி வேறாயினும் அச்சம் ஒன்றே. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள், சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையிலுள்ள முகமும் தம் முகமும் ஒப்புநோக்கப்பட்ட நாள்களை 2009 வரை கண்டன. முகத்தைக் காட்டுவதும் பிறர் முகத்தைக் காண்பதும் அவர்களுக்கு வெறும் வழக்கமாக இருக்கவில்லை.

முகமறைப்பைச் சட்டத்தால் அடக்கும் முயற்சி 2015 இல் மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களைத் தொட்டது. கொள்ளையர் பயன்படுத்துகின்றனர் என்று கூறி, முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசத்தைப் பொலிஸார் தடைசெய்ய முற்பட்டனர். உயிர் காக்கும் சாதனம் அது என்று வாதிட்டு ஓட்டுநர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர், தடை இடைநிறுத்தப்பட்டது.

அதன்பின் வந்தது 2019 ஏப்ரில் 21, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில், எம்மதத்தாரும் வந்து மெழுகுவர்த்தி ஏற்றும் புனித அந்தோனியார் திருத்தலத்தில் காலைத் திருப்பலி நிகழ்ந்துகொண்டிருந்தபோது குண்டு வெடித்தது. அன்று நாட்டின் பல இடங்களில் நிகழ்ந்த தாக்குதல்களில் 260 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அடையாளம் காண்பதற்குத் தடையாக முகத்தை மறைக்கும் உடை அனைத்தும் ஏப்ரில் 29 முதல் அவசரகால விதிகளின்கீழ்த் தடைசெய்யப்பட்டன. முகத்திரை அணியும் முஸ்லிம் பெண்களையே அவ்விதி பெரிதும் தொட்டது. அவர்களுட் பலர் வீட்டைவிட்டு வெளியே வரவே தயங்கினர். குண்டைச் சுமந்து சென்றவர்களோ, கண்காணிப்புக் கமராக்களில் திறந்த முகத்தோடு நடந்து சென்ற ஆடவர் என்பது இங்கு நினைவுகொள்ளத்தக்கது. 2019 ஓகஸ்டில் அவசரகாலச் சட்டம் நீடிக்கப்படாது காலாவதியானதோடு அத்தடையும் முடிவுற்றது.

அடுத்த ஆண்டே கொரோனாத் தொற்று வந்தது. 2020 மார்ச்சில் நாடளாவிய ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டது. ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும், பின்னர்ப் பேலியகொடை மீன்சந்தையிலும் நோய் பெருகி, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட வடகொழும்பின் பகுதிகள் தனிமைப்படுத்தல் ஊரடங்குக்கு உட்பட்டன. ஒக்டோபர் 15 ஆம் திகதி வெளிவந்த அதிவிசேட வர்த்தமானி, பொது இடத்தில் முகக்கவசம் அணிவதைக் கட்டாயமாக்கியது. மீறுவோர்க்குப் பத்தாயிரம் ரூபாய்வரை தண்டமும் ஆறு மாதம்வரை சிறையும் விதிக்கப்படலாம். முன்னைய ஆண்டில் முகத்தை மறைத்தமையால் வங்கிவாயிலில் தடுக்கப்பட்டிருக்கக்கூடிய ஒருவர், இவ்வாண்டில் மறைக்காமையால் அதே வாயிலில் தடுக்கப்படலாயினார். இந்த முரண் மக்கள் கண்ணுக்குத் தப்பவில்லை. 2021 மார்ச்சில், நாடே முகக்கவசம் பூண்டிருந்த வேளையில், முகத்திரையைத் தடைசெய்யும் அமைச்சுப் பத்திரம் ஒன்று கையொப்பமானதும் பலரைச் சிந்திக்கச் செய்தது.

முகக்கவசம் கட்டாயமானபோது, பொருத்தம் என்னும் பழைய வினா ஒவ்வொரு வீட்டிலும் எழுந்தது. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நூற்றல் நெசவாலை எழுந்த இடம் வெள்ளவத்தை. அதன் காலி வீதி புடவைக் கடைகளுக்குப் பேர்பெற்றது. 1977 இன் பின் வளர்ந்த ஆடைத் தொழிலோ, உலகப் பெண்டிர்க்கு உள்ளாடை தைத்தளித்து அன்னியச் செலாவணி ஈட்டுவது. டர்ன்புல் கண்ட வடிவத்தை நாளும் தைத்துப் பழகிய கைகள், 2020 இல் முகக்கவசம் தைக்கத் திரும்பின. வீடுகளிலும் பழைய பருத்திப் புடவையை மடித்துத் தைத்தோர் உண்டு. மூன்று அடுக்குத் துணியே நன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2020 யூனில் அறிவுறுத்தியது: ஈரத்தை உறிஞ்சும் உள்ளடுக்கு, துகளைத் தடுக்கும் நடுவடுக்கு, நீரை விலக்கும் வெளியடுக்கு என அவை அமைதல் வேண்டும்.

கொழும்பின் வெப்பநிலையோ ஆண்டு முழுவதும் சராசரியாக 27, 28 பாகை; கடற்காற்றில் ஈரமும் மிகுதி. இங்கு வியர்வையே கவசத்தின் பகை. நனைந்த துணி மூச்சைத் தடுக்கும். மூச்சுத் தடைப்பட்டவர் கவசத்தை நாடிக்கு இறக்கிக்கொள்வர். நாடிக்கு இறங்கிய கவசம் யாரையும் காப்பதில்லை. மூக்கின் வளைவுக்கு ஏற்ப வளையும் மெல்லிய கம்பி, காதை அறுக்காத நாடா, முகத்தின் நீளத்துக்கு ஏற்ற அளவு ஆகிய மூன்றும் அமைந்தால், அணிந்திருப்பதே மறந்துபோகும். கண்ணாடி அணிவோர்க்கு ஒரு சோதனை எளிதில் வாய்த்தது. மூச்சு விட்டவுடன் கண்ணாடி மங்குமாயின் மேலோரம் ஒட்டவில்லை என்று அறியலாம். ஏனையோர் கையை ஓரத்தில் வைத்து, காற்றுக் கசிவதை உணரலாம். அடர்ந்த தாடி உள்ளோர்க்கு எக்கவசமும் முழுமையாகப் பொருந்துவதரிது. குழந்தைக்குப் பெரியவர் கவசத்தை முடிச்சிட்டுச் சிறிதாக்குதல் பொருத்தமாகாது. அதற்கென அளந்து தைத்தலே தகும்.

1983 யூலை வன்செயலின் பின் கொழும்பைவிட்டு அகன்ற தமிழருட் பலர் கனடாவில் குடியேறினர். தொரன்ரோவின் முதல் மாரியில், கண் மட்டும் தெரியும் பின்னல் முகமூடியை அணிய அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சுற்றிவளைப்புகளில் தலையாட்டியைக் கண்டவர்க்கு, அவ்வடிவத்தைத் தம் பிள்ளையின் தலையிலே தாமே மாட்டிவிடுதல் எளிதாக இருந்திராது. ஆயினும் உறைபனி வாதத்துக்கு இடங்கொடாது. அந்நாட்டின் கியூபெக் மாகாணம் 2017 இல், அரசுச் சேவை பெறுவோர் முகத்தைத் திறந்திருக்க வேண்டும் என்று சட்டம் இயற்றியபோது, மாரியில் பாதி நகரமே முகம் மூடித் திரிகின்றதே என்னும் வினா அங்கும் எழுந்தது.

இலங்கையில் முகக்கவசக் கட்டாயம் 2022 இல் நீங்கிற்று. இரு விதிகளும் வந்து போயின. அவற்றை ஒருசேர நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அச்சத்தின் வேகத்தில் வெட்டப்பட்ட விதி, அளவெடாது தைத்த குல்லாயைப் போன்றது. அது சிலர் செவியை நசுக்கும். சிலர் கண்ணை மறைக்கும். காக்கவேண்டிய இடத்தில் இடைவெளி விட்டிருக்கும். மஞ்சூரியாவில் வூ லியன்-டே அமைத்த கவசத்தை மக்கள் ஏற்றமைக்குக் காரணம், அது எதனைத் தடுக்கின்றது என்பது தெளிவாக இருந்ததும், யாவர் முகத்துக்கும் பொருந்தியதுமே ஆகும்.

சிவனொளிபாதமலை உச்சியில் கதிரவன் எழுகையில், பௌத்தரும் இந்துக்களும் கிறித்தவரும் முஸ்லிம்களுமாக நிற்போர் குல்லாயைக் கழற்றிப் பையில் இடுவர். இரவெல்லாம் இருளில் அருகே நடந்து வந்தவர் இன்னார் என்று அப்பொழுதே தெரியவரும். குளிரும் வேளையில் முகத்தைக் காத்து, காணவேண்டிய வேளையில் எளிதாகக் கழன்று வரும் மறைப்பே பொருத்தமான மறைப்பு.